நுரையீரலுக்கு விட்ட நல்லெண்ணெய்

எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறி இருமல் அல்ல. திட்ட முடியாமல் போனதுதான்.

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தேன். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது, நெல்லை அவித்துக் களத்தில் காயப்போடுவது, அரைத்த பிறகு தவிட்டைத் தனியே கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஆட்களை ஏவுவது என் வேலை. ஏவுவது என்றால் கத்துவது. ஆலைச் சத்தத்தை மீறி ஒரு வசையைக் களத்தின் மறுகோடி வரை அனுப்பும் தொண்டை எனக்கு இருந்தது. அதில் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் காலையில், காயப்போட்ட நெல்லின் மேல் லாரிச் சக்கரத்தை ஏற்றிய ஓட்டுநரைத் திட்ட ஆரம்பித்தேன். அவனுடைய தகப்பனைத் தாண்டிப் பாட்டனிடம் போவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. வாய் திறந்திருக்கிறது, வார்த்தை இருக்கிறது, காற்று இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் எதையும் எளிதில் மன்னிக்கிற ஆள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயைப் பற்றி எழுதுகிற பலர், அது தங்களைக் கனிய வைத்ததாக எழுதுகிறார்கள். என்னை அது கனிய வைக்கவில்லை. யாரையோ கறுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிறகு இருமல் வந்தது. மாலையில் லேசான காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. காரைக்குடியில் ஒரு டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெள்ளையாக நிழல் தெரிவதாகச் சொன்னார். நிமோனியா (நுரையீரலில் சளி கட்டி வரும் அழற்சி) என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார். நிழல் நகரவில்லை. சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை, ஆனாலும் படத்தையும் உடம்பு இளைத்ததையும் பார்த்துக் காசநோய் மருந்தை ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதம் அந்த மாத்திரைகளை விழுங்கினேன். சிறுநீர் செந்நிறமாகப் போனது. வயிறு குமட்டியது. அந்தச் சமயத்தில் என் மகள் கவிதாவின் பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. எனக்கு முதல் பேரன். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கென்று தட்டும் டம்ளரும் தனியாக வைத்தது என் மனைவி தெய்வானை இல்லை, நானேதான். இரண்டு மாதம் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை.

இதற்கெல்லாம் யார் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆலை முதலாளி. தவிட்டுத் தூசியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி பழுதாகி எத்தனையோ மாதம் அப்படியே கிடந்தது. அவர் ஒரு நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். பையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். இத்தனை வருடம் உங்கள் தவிட்டைத் தின்றது போதும், ஆப்பிள் வேறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தோடு வேலையையும் விட்டேன். ஆலையிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன்.

இனி எண்ணெய்க் கதைக்கு வருகிறேன்.

கவிதாவைக் கட்டிக்கொடுத்த இடம் கோட்டையூர். சம்பந்தி சொக்கலிங்கம் அங்கே செக்கெண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். எந்த நோய்க்கும் அவரிடம் ஓர் எண்ணெய் உண்டு. கல்யாணம் முடிந்த முதல் தீபாவளிக்கு, நல்லெண்ணெயில் ஓமமும் துளசியும் போட்டுக் காய்ச்சிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி அவர் சொன்னது இது: “ஆலைத் தூசியில நிக்கிற ஆளு நீங்க. வேலை விட்டு வந்து குளிச்சதும் மல்லாந்து படுத்து மூக்குக்கு ரெண்டு சொட்டு விடுங்க சம்பந்தி. உள்ள போயி நுரையீரலைக் கழுவி விட்டுரும். எல்லாம் இயற்கைதான், ஒண்ணும் செய்யாது.”

எனக்கு அது சரியாகப் பட்டது. சட்டியில் பிசுக்கு இருந்தால் கழுவுகிறோம். நெஞ்சில் தூசி இருந்தால் கழுவ வேண்டாமா? தொப்புளுக்கு எண்ணெய் வைக்கிற ஊரில், சனிக்கிழமை தவறாமல் தலை முழுகுகிற ஊரில், பிறந்த பிள்ளைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிற ஊரில், எண்ணெயைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

இரண்டு சொட்டு என்பது எனக்குக் கஞ்சன் அளவாகத் தெரிந்தது. இருபத்தாறு வருடத் தூசிக்கு இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? மருந்துக் கரண்டியால் ஒரு மூக்குக்கு அரைக் கரண்டி விட்டேன். தெய்வானை “அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. எண்ணெய் விட்டதும் கண்ணை மூடி ஒரு தூக்கம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நான் மட்டும் விட்டுக்கொண்டதோடு நிறுத்தவில்லை. ஆலையில் எல்லோருக்கும் சொன்னேன். டீ குடிக்கிற நேரத்தில் நுரையீரலைப் பற்றி நான் செய்த பிரசங்கத்தை எந்த டாக்டரும் செய்திருக்க மாட்டார். மூட்டை தூக்கும் மாரிமுத்து என்னோடு பதினான்கு வருடம் வேலை செய்தவன், எனக்குத் தம்பி மாதிரி. அவனைச் சாக்கு அடுக்கின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, முதல் தடவை என் கையாலேயே ஊற்றினேன். என் அளவில்தான் ஊற்றினேன். அவன் செருமிக்கொண்டு எழுந்து சிரித்தான்.

நோய் முற்றியபோதும் எண்ணெயை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சிறு கருவி) தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதும், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நெஞ்சு நோய் பார்ப்பவர் ஒரு பெண் டாக்டர். அதிகம் பேச மாட்டார். என் கைப்பையில் எண்ணெய்ப் பாட்டிலும் இருந்தது. அவர் என்னைச் சோதித்த அன்று காலையில்கூட விட்டுக்கொண்டுதான் போனேன்.

சி.டி. ஸ்கேன் (உடம்பை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். பிறகு பிராங்கோஸ்கோப்பி (மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி மூச்சுக்குழாயைப் பார்ப்பது) செய்தார்கள். நுரையீரலுக்குள் கொஞ்சம் உப்புநீரை விட்டுத் திரும்ப உறிஞ்சி எடுத்தார்கள். மூச்சு முட்டி இறந்துவிடுவேன் என்று பயந்தேன். உங்களுக்கு அதைச் செய்யச் சொன்னால் பயப்படாதீர்கள், மரத்துப்போக மருந்து போடுகிறார்கள். பாதி நேரம் எனக்கு நினைவே இல்லை.

அடுத்த நாள் அந்த டாக்டர் ஒரு சிறிய புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என் நெஞ்சிலிருந்து எடுத்த தண்ணீர் அது. கலங்கலாக இருந்தது. அதன் மேல் மெல்லிய ஏடு மாதிரி என்னவோ மிதந்தது. ரசத்தின் மேல் தாளிப்பு மிதக்குமே, அப்படி.

“என்ன மருந்தெல்லாம் சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். காசநோய் மாத்திரைகளைச் சொன்னேன். “வேற ஒண்ணும் இல்லையா? மூக்குல ஏதாவது விடுறீங்களா?” இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எண்ணெய் மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏற்கெனவே மூன்று டாக்டர்கள் இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

தெய்வானைதான் வாயைத் திறந்தாள். “தெனம் நல்லெண்ணெய் விடுவாக, டாக்டரம்மா. கரண்டியில.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு வந்திருப்பது லைப்பாய்டு நிமோனியா (எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்குவதால் வரும் அழற்சி) என்றார். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றனவாம். அவை ராப்பகலாகத் தூசியை மேலே பெருக்கித் தள்ளிக்கொண்டே இருக்குமாம். தண்ணீர் இறங்கினால் உடனே புரையேறும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும், புரையேறாது, உடம்புக்குத் தெரியவே தெரியாது. துப்புரவு செய்கிற அணுக்கள் அந்த எண்ணெயை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அங்கேயே கிடக்கும். அது புண்ணாகி, புண் தழும்பாகி, நுரையீரல் விறைத்துப்போகும்.

“நுரையீரல் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். நீங்க அதைச் செய்ய விடல” என்றார்.

காசநோய் மருந்து அன்றே நின்றது. வீக்கம் தணிய ஸ்டீராய்டு மாத்திரை சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தார். எண்ணெயை நிறுத்துவதுதான் பெரிய வைத்தியம், மீதியைக் காலம் செய்யும், முழுவதும் சரியாகும் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

நான் முதலில் செய்தது கவிதாவுக்குப் போன் போட்டதுதான். பிள்ளைக்கு மூக்கில் எண்ணெய் விடுகிறார்களா என்று கேட்டேன். குளிப்பாட்டியதும் மாமியார் ஒரு சொட்டு விடுவார் என்றாள். அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். அன்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ கைக்குழந்தைக்கு எண்ணெய் விடுகிற வீடு உங்களுடையதாக இருந்தால், இந்த இடத்தில் இதை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டாவதாகச் செய்தது கறுவ ஆரம்பித்தது. முதலாளியை விட்டுவிட்டேன். என் பகையெல்லாம் மூட்டையாகக் கட்டிச் சொக்கலிங்கத்தின் தலையில் இறங்கியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டு, இயற்கைதான், ஒன்றும் செய்யாது என்று சொன்ன ஆள். அவரால் என் வேலை போனது. என் பேரனை இரண்டு மாதம் தொடாமல் இருந்தேன். இல்லாத நோய்க்கு மாத்திரை தின்று வாந்தி எடுத்தேன்.

எத்தனை பேர் முன்னால் அந்த எண்ணெயைப் புகழ்ந்தாரோ அத்தனை பேர் முன்னால் அவரைக் கேவலப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். இடமும் நாளும் தானாகவே வந்தன. ஒன்பதாம் மாதத்தில் பேரனுக்குக் குன்றக்குடியில் முடியிறக்கிக் காது குத்துவதாக இரண்டு வீடும் பேசி வைத்திருந்தது. முடி இறக்குவது அடிவாரத்தில், அர்ச்சனை மலைமேல். இரண்டு வீட்டு உறவும் மேலே கூடும். நடுவில் எழுந்து போய்விடவும் முடியாது.

ஒரே ஒரு சிக்கல். மலையில் நான் ஏற வேண்டும். அப்போது எனக்குக் கொல்லைக் கிணற்றடி வரை போய் வந்தாலே பத்து நிமிடம் உட்கார வேண்டியிருந்தது. நாள் வர நான்கு மாதம் இருந்தது.

நுரையீரலை இயற்கையாகப் பேணுவது எப்படி என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. அந்த நான்கு மாதம் நான் செய்ததைச் சொல்கிறேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவும். மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, சூடான சோற்றை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நெஞ்சு அசையாமல் வயிறு மேலெழும்பும்படி மூச்சு வாங்க வேண்டும். நடக்க வேண்டும், முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை. விறகடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை எல்லாவற்றுக்கும் தள்ளி நிற்க வேண்டும். தூசியில் வேலை என்றால் மூக்கை மூடும் மாஸ்க் போட வேண்டும், துண்டு கட்டினால் போதாது. பீடி, சிகரெட் பக்கம் போகவே கூடாது. உள்ளே ஊற்றுவதற்கு எதுவும் தேவையில்லை.

இதையெல்லாம் நான் பொறுமையால் செய்யவில்லை, பகையால் செய்தேன். ஒவ்வொரு மூச்சை வெளியே விடும்போதும் சொக்கலிங்கத்துக்கு ஒரு வாக்கியம் தயார் செய்தேன். முதலில் சம்பந்தி என்ற வார்த்தையை விட்டுவிடுவது. ‘நீ’ என்று ஆரம்பிப்பது. ஸ்கேன் படத்தை அவர் மடியில் போடுவது. ஆரம்பத்தில் ஒரு மூச்சில் நான்கு வார்த்தைதான் வரும். மூன்றாவது மாதத்தில் ஒரு முழு வசை வந்தது. உடம்பு தேறுவதற்குப் பழிவெறியைப் போல மருந்து கிடையாது என்று அப்போது மனதார நம்பினேன்.

சொக்கலிங்கம் எனக்கு அடிக்கடி போன் பண்ணினார். ஒவ்வொரு தடவையும் துண்டித்தேன். அதுவும் பழியில் சேர்த்தி. வீட்டுக்கு வந்தவரைத் தெய்வானை வாசலோடு அனுப்பி வைத்தாள். எண்ணெய் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது என்பதால் அந்தப் பேச்சே வீட்டில் கூடாது என்று தடை போட்டிருந்தேன். “அந்த வீட்டுலதாங்க நம்ம பிள்ளை குடியிருக்கு” என்று மட்டும் தெய்வானை ஒரு தடவை சொன்னாள்.

அந்த நாள் வந்தது. பேரன் என் தம்பி மகன் மடியில் உட்கார்ந்து அலறினான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். எல்லோரும் மேலே ஏற ஆரம்பித்தார்கள். நான் கடைசியாக ஏறினேன். உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே ஏறினேன். நான்கு படி, நிற்பது, மறுபடி நான்கு படி. வழியில் இரண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள், உதறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு காட்டியது. இது போதும் என்று நினைத்தேன்.

அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். பேச ஆரம்பித்தேன். நான்கு மாதம் சேர்த்து வைத்த அத்தனையும் வரிசையாக வந்தது. மூச்சு ஒரு தடவைகூட இடறவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்து அவர் மடியில் போட்டேன். கவிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சொக்கலிங்கம் எழுந்திருக்கவில்லை. படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தப்புத்தான் சம்பந்தி. உங்க கால்ல விழுந்தாலும் உள்ள போன எண்ணெய் வெளிய வராது. கவிதா சொன்ன அன்னைக்கே, மூக்குக்குன்னு கேட்டா எண்ணெய் குடுக்கிறதை நிப்பாட்டிட்டேன். உங்க மில்லு ஆளுக ஒம்பது பேரு எங்கிட்ட வாங்குவாக. மேஸ்திரி சொன்னாருன்னு வந்தவுக. வேணாம்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாக, மேஸ்திரியே சொல்லட்டும்னு வேற கடைக்குப் போயிட்டாக. அதைச் சொல்லத்தான் நாலு மாசமா உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க எடுக்கலையே.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எறிந்ததை எடுத்து என் மேலேயே எறிகிறாரே என்று கொதித்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சில் காற்று நிறைய இருந்தது. சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைத்தேன், கெட்டது வேறு ஒருவன்.

அடுத்த நாள் காலை முதல் டவுன் பஸ்ஸில் புதுவயல் போனேன். ஆலை வாசலில் முதலாளி நின்றார். “வாங்க மேஸ்திரி” என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. புது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். ஒருவன் ஒரு வாரத்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னான். இன்னொருவனுக்கு எண்ணெய் வாடையே பிடிக்கவில்லையாம். மற்றவர்கள் நினைத்தபோது ஒரு சொட்டு விட்டதோடு சரி. பெரும்பாலும் எல்லோரும் தப்பித்திருந்தார்கள், என் பேச்சை அரைகுறையாகக் கேட்டதால். மாரிமுத்து மட்டும் அங்கே இல்லை. வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்றார்கள்.

அவன் வீடு ஆலைக்குப் பின்னால். கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற தோள், சட்டை மாட்டும் கம்பிபோல நின்றது. பக்கத்து மாடத்தில் பாட்டிலும் கரண்டியும் இருந்தன.

என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். “அண்ணே, நான் விடாம விட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்” என்றான். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தான். “உங்களுக்குச் சரியாயிருச்சுன்னு சொன்னாக. எண்ணெயாலதான்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் கூட்டுனேன்.”

அவன் மனைவி பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கின் மேல் படுக்க வைத்து ஊற்றியது என் கை என்பதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. “இது நஞ்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். நான்கு மாதத்துக்கு முன்பே என்றேன். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாக்கடையில் எண்ணெய் விழும் சத்தம் கேட்டது.

அன்றே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர், அதே குழாய், அதே கலங்கல் தண்ணீர். எனக்குப் போட்ட அதே மருந்தை ஆரம்பித்தார்கள். ஆனால் அவனுக்குத் தழும்பு இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது அவன் வீட்டில் ஆக்சிஜன் எந்திரம் இருக்கிறது. முதலாளி வாங்கிப் போட்டது. பகலில் சில மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உதட்டைக் குவித்து ஊதுவதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என்னிடமிருந்து இன்னொரு வைத்தியத்தை அவன் மறுபேச்சில்லாமல் கற்றுக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

சொக்கலிங்கத்தை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. பார்த்தால் பேசுகிறோம், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் குறையவே இல்லை. ஆனால் அதே கோபத்தோடு என்னைப் பார்க்க உரிமையுள்ள ஒருத்தி இருக்கிறாள், அவள் பக்கம் எனக்கு நியாயமாகவும் தெரிகிறது.

என் உடம்பும் பழைய உடம்பு இல்லை. முன்பு மூச்சு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் வந்து போவது தெரிகிறது. ஆலையில் நேரத்தைச் சங்கு ஊதிச் சொல்லும். இப்போது மாரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு இழுப்பதற்குள் ஒரு லாரிச் சுமையை இறக்கிவிடலாம் போல நேரம் நீளுகிறது.

போன வாரம் மறுபரிசோதனைக்காக மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி நடையில் நானும் பேச்சியம்மாளும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பல மணி நேரம் ஆனதுபோல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மூன்று மாதத்தில் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசியதில்லை. அன்று என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு மூச்சு வந்துருச்சு” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

வந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

“அவருக்கு வரலைன்னா உங்களை விட மாட்டேன்.”

“விட்டுறாத தாயி” என்றேன்.

அவள் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் கதவைப் பார்த்தேன்.